தீப்பிடித்த சேனையும் தேயிலை வேரும்

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்பு காலத்தில் கினிகத்தேனை டவுனில் வத்தகப்பழ லொறி வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். நோன்பு திறக்க நாங்களும் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான். அப்படியான ஒரு நாளில் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது:

"சேர், இவ்வளவு தண்ணி உள்ள பழம் ஏன் தண்ணி இல்லாத ஊர்ல காய்க்குது? மழை பெய்ஞ்சுகிட்டே இருக்கிற நம்ம ஊர்ல ஏன் காய்க்கிறதில்ல?"

நல்ல கேள்வி. வத்தகைக்கு வெயில் வேண்டும், சூடான மணல் மண் வேண்டும். எங்கள் ஊரின் ஈரத்தில் கொடி அழுகிவிடும், இலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. அங்கே கலஹாரிப் பாலைவனத்தில் இன்றும் காட்டு வத்தகை வளர்கிறது. மழை நின்றதும் அதன் வேர் கீழே ஓடுகிறது. இலைக்குள் 'சிற்றுலின்' என்ற ஒரு பொருள் சேர்ந்து, கடும் வெயிலிலும் இலை கெடாமல் காக்கிறது. அந்தப் பொருளுக்குப் பெயரே வத்தகையின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் லொறியில் வரும் சிவந்த இனிப்புப் பழத்துக்குக் காட்டு வத்தகை அளவுக்குத் தாங்கும் சக்தி இல்லை. மனிதர் இனிப்பையும் பருமனையும் பார்த்துத் தெரிவு செய்துகொண்டே வந்தபோது தாங்கும் குணம் பின்னுக்குப் போய்விட்டது.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் பின்வாங்கிலிருந்து இன்னொரு பிள்ளை: "அப்ப தேயிலைக்கும் அப்படித்தானா சேர்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பாட நேரம் போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் ஊரின் பெயர். சிங்களத்தில் 'கினிகத்ஹேன'. 'கினி' என்றால் தீ, 'ஹேன' என்றால் சேனை. தீப்பிடித்த சேனை என்று பொருள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று இப்பகுதி. பக்கத்திலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. தேயிலை உயிரோடு இருக்க ஆண்டுக்குக் குறைந்தது 1200, 1300 மி.மீ. மழை போதும் என்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்கு வறட்சி எதற்கு என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

ஆனால் தேயிலை வருடக் கணக்குப் பார்ப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கொட்டிய மழை, பெப்ரவரியில் செடிக்கு உதவாது. சரிவில் விழும் நீர் கானில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயா வழியாகக் களனிக்குப் போய்விடுகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து மழை இல்லாவிட்டால் கொழுந்து நின்றுவிடும். மேல்மண்ணிலேயே எப்போதும் ஈரம் கிடைக்கும் இடத்தில் வேர் ஆழமாகப் போக அவசரப்படுவதும் இல்லை. மழை ஊர்ச் செடி அரிதாக வரும் வறட்சியில் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தத் திணறல் எல்லா மலையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இங்கேதான் வரலாறு வருகிறது.

தேயிலை இந்த நாட்டுக்கு விதையாகவும் கன்றாகவும் வந்தது. 1824இல் சீனாவிலிருந்து வந்த செடி பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1839இல் கல்கத்தா வழியாக அஸாம் விதை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வியாபாரத்துக்காக நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அதன்பின் கோப்பி அழிந்த மலைகளிலெல்லாம் தேயிலை ஏறிய கதை நமக்குத் தெரிந்ததே. அந்த மலைகளைக் காடு வெட்டி, கான் வெட்டி, குழி வெட்டித் தேயிலையாக்கியவர்கள் யார் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீனத் தேயிலை சின்ன இலை. குளிரையும் காய்ச்சலையும் ஓரளவு தாங்கும், விளைச்சல் குறைவு. அஸாம் தேயிலை அகன்ற இலை. விளைச்சல் கூட, ஆனால் மென்மையானது. தேயிலைப் பூ அயல்மகரந்தத்தால் காய்ப்பது. அதனால் நாளடைவில் இரண்டும் கலந்துவிட்டன. ஒரே மரத்தின் விதையிலிருந்து முளைத்த நூறு கன்றும் நூறு விதம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று நோஞ்சான், ஒன்று எதையும் தாங்கும்.

பழைய 'விதைத் தேயிலை' மலைகள் அப்படி உருவானவை. ஒவ்வொரு செடிக்கும் விதையிலிருந்து இறங்கிய ஆணிவேர் இருந்தது. காய்ச்சல் வந்தால் சில செடி போகும், பல செடி நிற்கும். மலை முழுவதும் ஒரேயடியாகச் சாவது அபூர்வம்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நாம் 'டீ.ஆர்.ஐ.' என்று சொல்வது அதைத்தான். பிறகு அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1930களில் அங்கே விதை இல்லாமல் கன்று உண்டாக்கும் வேலை சூடு பிடித்தது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு துண்டை வெட்டி, தவறணையில் நட்டு வேர் பிடிக்க வைப்பது. இதுதான் 'வீ.பீ. தேயிலை'. தாயும் கன்றும் அச்சுப் பிசகாமல் ஒன்று. நல்ல தாயாகப் பிடித்துவிட்டால் மலை முழுவதும் நல்ல செடி.

1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. நோயைத் தாங்கும், கொழுந்தும் கூடுதலாகத் தரும் இனங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் மீள்நடுகைக்கு அரச மானியமும் வந்தது. அதோடு வீ.பீ. மலைகள் பெருகின. 4 அடிக்கு 2 அடி என்று நெருக்கி நட்டதில் மலை பச்சைப் பாய் விரித்தது போல மூடியது. பழைய விதைத் தேயிலையோடு ஒப்பிட்டால் விளைச்சல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும்.

இதில் குறை சொல்ல ஏதுமில்லை. அந்த விளைச்சல் இல்லாவிட்டால் பல தோட்டங்கள் எப்போதோ மூடப்பட்டிருக்கும். ஆனால் துண்டிலிருந்து வளர்ந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது. வெட்டிய இடத்திலிருந்து பக்கவேர்கள்தான் புறப்படும். அவற்றில் சில கீழ்நோக்கிப் போய் ஆழம் பிடிக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். அது இனத்தைப் பொறுத்தது, மண்ணைப் பொறுத்தது.

இங்கேதான் நம்மூரில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைத் திருத்த வேண்டும். "வீ.பீ. எல்லாம் வெயிலுக்கு ஆகாது, விதைத் தேயிலை எல்லாம் தாங்கும்" என்பார்கள். அது பாதி உண்மைதான்.

டீ.ஆர்.ஐ. வெளியிட்ட 2000 வரிசையில் 2023 என்றும் 2025 என்றும் இரண்டு இனங்கள். இரண்டும் பெயர்பெற்றவை. இரண்டும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் விதையில் வந்தவை, அதாவது கூடப்பிறந்தவை. ஆனால் வறட்சி ஆய்வுகளில் தாங்கும் இனத்துக்கு உதாரணமாக 2025ஐயும், தாங்காத இனத்துக்கு உதாரணமாக 2023ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டுமே வீ.பீ.தான். தாய் ஒன்றானாலும் குணம் வேறு.

எது தாங்க வைக்கிறது? ஒன்று, வேரின் ஆழம். இரண்டு, இலைத்துளையை நேரத்தோடு மூடிக்கொள்ளும் பழக்கம். மூன்று, நீர் குறையும்போது உயிரணுவுக்குள் புரோலின் போன்ற பொருட்களைச் சேர்த்து ஈரத்தைப் பிடித்து வைக்கும் திறன். வத்தகை இலை சிற்றுலினைக் கொண்டு செய்வதை ஒத்த வேலை இது. நான்கு, வேரில் சேர்த்து வைத்த மாச்சத்து. கவ்வாத்து வெட்டிய பிறகு செடி துளிர்ப்பது இந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான். சேமிப்பு இல்லாத செடியை வெயில் காலத்தில் கவ்வாத்து வெட்டினால் செடி காய்ந்தே போகும். அதனால் வெட்டுவதற்கு முன் வேர்த்துண்டில் அயடின் விட்டுப் பார்ப்பதுண்டு. கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இலையில் செய்யும் அதே சோதனைதான். பாடப் புத்தகம் மலைக்கும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி வறட்சிகளைப் பார்ப்போம். 1983இல் கடும் காய்ச்சல். 1992இல் அதைவிட மோசம். 1991இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 24 கோடி கிலோ. 1992இல் அது சுமார் 18 கோடி கிலோவாக விழுந்தது. நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடமிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறியதும் அதே ஆண்டுதான். 2016இல் மறுபடியும் பெரும் வறட்சி. 2015இல் சுமார் 33 கோடி கிலோ, 2016இல் சுமார் 29 கோடி. இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் வறட்சியே பெரிது. மாதமொன்றில் 100 மி.மீ. மழை குறைந்தால் ஹெக்டேயருக்கு 30 முதல் 80 கிலோ வரை தயாரித்த தேயிலை குறையலாம் என்று இலங்கை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கோடிக் கணக்குக் கிலோ என்பது பத்திரிகைக்கு. லயத்தில் அது வேறு கணக்கு. கொழுந்து நின்றால் நாளுக்குரிய கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் வெயிலில் நின்று, பாதி நாள் சம்பளத்தோடு வீடு திரும்புவது. அந்த மாதம் எங்கள் ஊர்க் கடைகளில் கடன் கொப்பி தடித்துவிடும். கடைக்காரர் வீட்டிலும் அது தெரியும். பள்ளிக்கூடத்திலும் தெரியும்: அப்பியாசக் கொப்பி முடிந்த பிள்ளை புதிது வாங்காமல் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதும். மலை காய்ந்தால் நம் எல்லோர் வீட்டிலும் காயும். கொழுந்து பறிப்பவர் யார், கடை வைத்திருப்பவர் யார், எந்த மொழி, எந்த மார்க்கம் என்று வறட்சி பார்ப்பதில்லை.

ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தோம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். தொண்ணூற்றிரண்டு காய்ச்சல் நினைவிருக்கிறதா பாட்டி என்று கேட்டோம்.

"நெனவு இல்லாம என்ன சேர்? பழைய மலையில அங்கங்க ஒன்னு ரெண்டு செடி போச்சு. புது மலையில நெர நெரயா போச்சு. ஆனா அந்தப் புது மலைக்குப் பக்கத்துலயே இன்னொரு புது மலை. அது நின்னுச்சு. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்ல."

நிரை நிரையாகப் போனது ஏன் என்று இப்போது நமக்குப் புரிகிறது. ஒரே இனம் என்றால் பலமும் ஒன்று, பலவீனமும் ஒன்று. ஒரு செடிக்குத் தாங்க முடியாதது முழு மலைக்கும் தாங்க முடியாது. பக்கத்து மலை நின்றதற்குக் காரணம் வேறு இனமாக இருக்கலாம், ஆழமான மண்ணாக இருக்கலாம், நிழலாக இருக்கலாம். பாட்டி தன் கண்ணால் பார்த்ததைத்தான் ஆராய்ச்சி நிலையம் பாத்தி பிரித்து நட்டு அளந்து பார்க்கிறது. ஆனால் அவர் கூடை சுமந்த மலையில் என்ன இனம் நடப்பட்டது என்று முப்பது வருடத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் பார்த்ததை ஒருவரும் கேட்கவும் இல்லை. எங்களுக்கு இதுதான் பெரிய மனவருத்தம்.

இனத்தை மட்டும் சொல்லி மண்ணை விட்டுவிட முடியாது. நூற்றைம்பது வருட மழை இந்த மலைகளின் மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. கல்லும் சரளையும் மேலே தெரியும் இடத்தில் எந்த இனத்தை நட்டாலும் வேர் எங்கே போகும்? அதனால்தான் பழைய செடியைப் பிடுங்கியதும் உடனே நடாமல், ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது முறை. சவுக்கும் முள்முருக்கும் நிழலுக்கு நிற்க வேண்டும். கவ்வாத்துக் குச்சியை மலையிலேயே பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். வருடத்துக்கு நூற்றுக்கு 2 வீதம் மீள்நடுகை நடக்க வேண்டும் என்பது நெடுநாள் பரிந்துரை. நடந்தது அதற்கு மிகக் கீழே. நிழல் மரம் வெட்டப்பட்ட மலைகளையும், செத்த செடிக்குப் பதில் வைக்காமல் விட்ட வெற்றிடங்களையும் நாம் எல்லோரும் தினமும் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் வால்பாறையில் உள்ள உபாசி ஆராய்ச்சி நிலையத்திலும் இதே கேள்விக்கு விடை தேடினார்கள். அங்கே 'உபாசி 9' என்ற இனம் வறட்சியைத் தாங்குவதில் பெயர் எடுத்தது. தாங்கும் இனத்தை வேர்ப்பகுதியாக வைத்து, அதிக விளைச்சல் தரும் இனத்தை மேலே ஒட்டும் முறையையும் அவர்கள் செய்து காட்டினார்கள். வேர் ஒருவருடையது, கொழுந்து இன்னொருவருடையது. எங்கள் டீ.ஆர்.ஐ.யும் 2000 வரிசையோடு நிற்கவில்லை. 3000, 4000 என்று புதிய வரிசைகள் வந்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பதிவு ஒருதலைப்பட்சமாகிவிடும். காய்ச்சல் எப்போதும் பகை அல்ல. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை இலேசாகக் காயும்போதுதான் திம்புள்ளைத் தேயிலைக்கு வாசம் கூடுகிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது அங்கே நல்ல விலைக்குத் தேயிலை வருகிறது. கொஞ்சம் காய்ச்சல் மணம் தரும், மிஞ்சினால் செடியையே கொண்டுபோகும். எந்த அளவில் மிஞ்சுகிறது என்பதை நிர்ணயிப்பது மண்ணுக்குள் இருக்கும் வேர்.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? இன்று பல தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கே மலையைப் பிரித்து, பராமரித்துக் கொழுந்து கொடுக்கும்படி விடுகிறார்கள். ஊரைச் சுற்றிச் சிறுதோட்டக்காரர்களும் கூடிவிட்டார்கள். முன்பு எந்த இனம் என்று முடிவு செய்தவர் துரை. இனிமேல் அந்த முடிவு நம் வீட்டு முற்றத்துக்கு வருகிறது. ஒரு தடவை நட்டால் முப்பது, நாற்பது வருடம். தவறணையில் மலிவாகக் கிடைத்தது என்று பெயர் தெரியாத கன்றை வாங்கி நட்டால், அதன் கூலியை நம் பிள்ளைகள் ஒரு பெப்ரவரி மாதத்தில் கொடுப்பார்கள்.

ஆகவே, கன்று வாங்கப் போகிறவர்கள் நான்கு விடயம் கேளுங்கள். இனத்தின் இலக்கம் என்ன? தாய்ச்செடி எங்கே நிற்கிறது? இந்த உயரத்துக்கும் இந்தச் சரிவுக்கும் அது சரியா? வெயிலைத் தாங்குமா? பதில் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்தில் நடுகைக்கு உகந்த காலம் மே, ஜூன் மழை. அடுத்த ஜனவரிக்கு முன் வேர் இறங்க அவகாசம் கிடைக்கும். முழு நிலத்துக்கும் ஒரே இனத்தை நடாமல் இரண்டு, மூன்று இனமாகப் பிரித்து நடுங்கள். பழைய விதைத் தேயிலை நன்றாக நிற்கும் துண்டு இருந்தால் விளைச்சல் குறைவு என்பதற்காக மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு நம்பர் மலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எப்போது நட்டது, விதையா வீ.பீ.யா, என்ன இலக்கம், எந்தக் காய்ச்சலில் எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். இதுவரை பதினொரு மலைக்கு மட்டுமே விவரம் கிடைத்திருக்கிறது. அதிலும் இனத்தின் இலக்கம் தெரிந்தது நான்குக்குத்தான்.

உங்கள் வீட்டில் தவறணையில் கன்று போட்ட பெரியம்மா இருப்பார், மீள்நடுகையில் குழி வெட்டிய தாத்தா இருப்பார், கவ்வாத்து வெட்டிய மாமா இருப்பார், அந்தக் காலக் கணக்குப்பிள்ளை ஐயா இருப்பார். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கீழே எழுதுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லுங்கள். நினைவு சரியா பிழையா என்று யோசிக்க வேண்டாம், இரண்டு பேர் சொன்னால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பாட்டி சொன்னது கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்து மலை ஏன் நின்றது என்ற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் நிரப்பித் தாருங்கள்.